படத்தில் நிற்கும் பாலங்கள்

நானுஓயா புகையிரத நிலையத்திற்கு அருகே ஓடும் சிற்றாறு, கோடையில் பாறைகளுக்கிடையே மெல்லிய ஓசையுடன் செல்லும். மழைக்காலத்தில் சிவந்த நீரோடு பெருகிப் பாயும். தேயிலைச் சரிவுகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு அது கொத்மலை ஓயாவிற் கலக்கின்றது. கொத்மலை ஓயா மகாவலி கங்கையை அடைகின்றது. மகாவலியோ கம்பளையைக் கடந்து வடக்கு நோக்கிச் சென்று, பேராதனைப் பூந்தோட்டத்தை ஒரு மாலைபோல் வளைத்துக்கொண்டு கண்டிப் பக்கம் திரும்புகின்றது. ஆகவே, நானுஓயாவில் இன்று காலையிற் பெய்த மழை, சில தினங்களில் பேராதனைப் பாலத்தின் அடியிற் செல்லும் எனலாம்.

அந்தப் பேராதனைத் துறையில் இன்று காணப்படும் பாலத்திற்கு முன் வேறொரு பாலம் இருந்தது. அது கல்லாலோ இரும்பாலோ ஆனதன்று, முழுவதும் மரத்தாலானது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, ஆற்றின் நடுவே ஒரு தூணும் இன்றி, வில்லைப்போல் வளைந்து நின்றது. அதனை இன்று கண்ணாற் கண்டவர் எவரும் இல்லை. ஆயினும் அதன் உருவம் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையிற் புகைப்படத் தொழில் நடத்திய ஸ்கீன், ஸ்கோவன் முதலிய நிறுவனத்தார் அப்பாலத்தை ஆற்றங்கரையில் நின்று படம் பிடித்து விற்றனர். மங்கிய பழுப்பு நிறமான அப்படங்கள் நூதனசாலைகளிலும் பழைய படத்தொகுதிகளிலும் இன்றும் உள்ளன. மர வளைவு, அதன் கீழே அசையாத கண்ணாடி போன்ற நீர், கரையிலே செறிந்த மரங்கள் – இவையே அப்படங்களின் காட்சி.

ஒரு பழைய படத்தைப் பார்க்கும்பொழுது, அதில் என்ன இருக்கின்றது என்று கேட்பது இயல்பு. வரலாறு பயில்வோர் இன்னொரு கேள்வியையும் கேட்டல் வேண்டும்: அதில் என்ன இல்லை? பேராதனைப் பாலத்தின் படத்தைப் பொறுத்தவரை, இரண்டாவது கேள்வியே மலைநாட்டுத் தமிழர்க்கு மிக நெருங்கியதாகும்.

முதலில் அப்பாலம் எழுந்த காரணத்தை நோக்குவோம். கண்டி அரசர்கள் தம் தலைநகருக்கு அகன்ற தெருக்களை அமைக்கவில்லை. ஆறுகளுக்குப் பாலமும் இடவில்லை. அது அறியாமையால் அன்று. அடர்ந்த காடும் செங்குத்தான மலையும் மகாவலி நதியுமே கண்டியின் கோட்டை மதில்களாக விளங்கின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கரையோரத்தை ஆண்ட காலத்தும் மலைநாடு தன்னுரிமையோடு இருந்தமைக்கு அவ்வியற்கை அரண்களும் காரணமாம். 1803-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டனர். மேஜர் டேவி என்பவரின் தலைமையில் கண்டியை விட்டு வெளியேறிய ஆங்கிலப் படை, வட்டப்புளுவை என்னும் இடத்தில் மகாவலியின் கரையை அடைந்தது. ஆறு பெருகி ஓடிற்று. கடக்கத் தோணி இல்லை. கரையிலே தடைப்பட்டு நின்ற படை, அங்கேயே ஆயுதங்களை ஒப்படைத்து அழிவெய்தியது. ஆங்கிலேயர் அரசுரிமை தருவதாகக் கூறி அழைத்துவந்திருந்த நாயக்க வமிசத்து முத்துசாமியும் அங்கே கண்டியாரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான்.

1815-இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817-18 ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி, பாதையில்லா நாட்டை ஆள்வது எத்துணை அரிது என்பதை அவர்களுக்கு மீண்டும் உணர்த்தியது. எனவே தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் தெரு அமைப்பதையே தம் ஆட்சியின் முதற் கருமமாகக் கொண்டார். கொழும்பிலிருந்து கண்டி வரை தெரு வெட்டப்பட்டது. கடுகண்ணாவையிற் பாறையைக் குடைந்து வழி செய்தனர். அப்பணியில் முன்னின்று 1829-இல் உயிர்நீத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட உயர்ந்த கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கின்றது. ஆனால் அத்தெருவை வெட்டியவர்கள் பல்லாயிரம் சிங்களக் குடிமக்கள். அரசனுக்குச் செய்ய வேண்டிய இராசகாரியம் என்னும் பழைய கடமையின் பேரில் வருவிக்கப்பட்டவர்கள். அவர்களுக்குக் கோபுரம் இல்லை.

தெரு முடிந்தும் கடைசித் தடை எஞ்சியிருந்தது. கொழும்பிலிருந்து வருபவர் கண்டியை அணுகுமுன் பேராதனையில் மகாவலியைக் கடந்தாக வேண்டும். ஆறோ மழைநாட்களில் ஒரே இரவிற் பல அடி உயரும் தன்மையது. நடுவிலே தூண் நாட்டினால் வெள்ளமும், வெள்ளத்தில் மிதந்துவரும் பெருமரங்களும் அதனை மோதிச் சாய்த்துவிடும். இத்தடையை வெல்லும் முறையை வகுத்தவர் ஜோன் பிரேசர் என்னும் படை அதிகாரி. இலங்கையின் படம் வரைந்த நில அளவை வல்லுநராகவும் அவர் பெயர்பெற்றவர். அவர் முதிரை மரத்தைத் தேர்ந்தெடுத்தார். 205 அடி அகலமுள்ள ஆற்றை ஒரே வளைவினாற் கடந்த அப்பாலம் 1833-இல் நிறைவுற்றது. மரத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி இசைத்தே அது கட்டப்பட்டதென்றும், ஆணியோ இரும்புத் திருகாணியோ பயன்படவில்லையென்றும் அக்காலத்தார் வியந்து எழுதினர்.

முதிரை, மலைநாட்டு மரமன்று. வன்னியிலும் கிழக்கிலும் வறண்ட காடுகளில் வளர்வது, பொன்னிறம் உடையது, வைரம் பாய்ந்தது, கறையானுக்கு எளிதில் இடங்கொடாதது. தமிழர் வீடுகளில் நிலைக்கும் கதவுக்கும் விரும்பி வாங்கப்பட்ட மரம் அது. ஈரமலையின் ஆற்றின்மேல் வறண்ட நாட்டின் மரம் வளைந்து நின்றது என்பது கருதத்தக்கது. ஏனெனில், அந்த முதிரைக் காடுகளின் ஊடாகவே வேறொரு கூட்டமும் அப்பாலத்தை நோக்கி நடந்து வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

கண்டித் தெருவின் மறுமுனையில், கொழும்பின் வாயிலில், இன்னொரு பாலம் இருந்தது. களனி கங்கை கடலை அணுகும் இடத்தில் அகன்று ஆழ்ந்து ஓடுகின்றது. கரையும் அடியும் மென்மணல். அங்கே 1822-இற் படகுகளை வரிசையாக நங்கூரமிட்டு நிறுத்தி, அவற்றின்மேற் பலகை பரப்பிப் படகுப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆறு உயர்ந்தால் பாலமும் உயரும், தாழ்ந்தால் தாழும். ஆற்று வழியே பொருளேற்றிச் செல்லும் படகுகள் வந்தபோது, நடுவிலுள்ள சில படகுகளை விலக்கி வழிவிட்டு, பின்னர் மீண்டும் இணைப்பார்கள். அவ்வேளையில் இரு கரையிலும் மாட்டு வண்டிகள் நீண்ட வரிசையாகக் காத்து நிற்கும். பாலங்களிலும் துறைகளிலும் ஆயம் அறவிடும் உரிமையை அரசாங்கம் குத்தகைக்கு விட்டு வருவாய் பெற்றது. கிராண்ட்பாஸ் என்று ஆங்கிலத்தில் வழங்கும் அப்பகுதிக்குத் தமிழிற் பாலத்துறை என்று பெயர். பாலமும் துறையும் ஒரே சொல்லில் இணைந்து நிற்கின்றன. படகுகள் போய்விட்டன, பெயர் நிலைத்தது. இப்படகுப் பாலத்தையும் புகைப்படக்காரர் பலர் படம் பிடித்தனர்.

இவ்விரு பாலங்களுக்கும் இடையே ஓடிய தெருவிற்கு உயிரளித்தது கோப்பி. 1830-களின் பிற்பகுதியிலிருந்து கண்டியைச் சூழ்ந்த காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்களாயின. மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் இறங்கின. கொழும்பிலிருந்து அரிசியும் பண்டங்களும் ஏறின. முதிரைப் பாலத்திற் கேட்ட ஓசை பெரும்பாலும் சக்கரங்களின் ஓசையே.

சக்கரமின்றி அதனைக் கடந்தவர்களும் இருந்தனர். இராசகாரிய முறை 1832-இல் ஒழிக்கப்பட்டது. நிலமுள்ள சிங்களக் குடியானவர் நிலையான கூலிகளாகத் தோட்டம் செல்ல விரும்பவில்லை. ஆகவே தோட்டக்காரர் தென்னிந்தியாவை நோக்கினர். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் நெருக்குண்ட மக்கள், கங்காணிமாரின் தலைமையிற் புறப்பட்டனர். இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கினர். அங்கிருந்து வடபாதை வழியே, நீரற்ற காட்டினூடாக, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு நடந்தனர். அந்தக் காடுகளே முதிரை வளரும் காடுகள். காலராவும் காய்ச்சலும் பசியும் வழியிற் பலரை வீழ்த்தின. எஞ்சியோர் கண்டியை அடைந்தனர். கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா ஆகிய பகுதிகளின் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டோர் மேலும் நடந்தனர். கண்டியிலிருந்து கம்பளைத் தெருவிற் சேர வேண்டுமாயின் பேராதனையில் மகாவலியைக் கடத்தல் வேண்டும். ஆகவே இன்றைய நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் பலருடைய பாதம் அந்த முதிரைப் பலகைகளின்மேற் பட்டதென்பது நில அமைப்பே கூறும் சான்று. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அவர்கள் அதே பாலத்தை இருமுறை கடந்தனர்; மறுபருவம் வந்தபோது மீண்டும் கடந்தனர்.

இனி, விட்ட இடத்திற்கு வருவோம். அத்தனை பேர் கடந்த பாலத்தின் படத்தில் அவர்கள் ஏன் காணப்படவில்லை?

இதற்கு ஒரு காரணம் அக்காலப் படக்கலையின் இயல்பில் உள்ளது. 1851-இல் இங்கிலாந்தில் வெளியிடப்பட்ட ஈரக் கண்ணாடித் தகட்டு முறையே அப்போது வழங்கியது. படம் பிடிப்பவர் கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் படக்கருவியில் வைத்து ஒளியைப் புகுத்தி, உடனே இருட்கூடாரத்திற்குள் கழுவி எடுத்தல் வேண்டும். மலையிலும் ஆற்றங்கரையிலும் படம் பிடிக்கச் செல்பவர் கூடாரம், மருந்துப் புட்டிகள், கண்ணாடித் தகடுகள் யாவற்றையும் சுமையாட்களின் தலையில் ஏற்றிச் சென்றனர். ஒளி பல விநாடிகள் விழவேண்டியிருந்தது. அசையாது நின்ற மரமும் பாலமும் தெளிவாய்ப் பதிந்தன. நடந்து சென்ற மனிதன் புகைபோல் மங்கினான். சற்று விரைந்து சென்றவன் ஒரு சுவடுமின்றி மறைந்தான். ஓடும் ஆறும் அசையாத கண்ணாடியாகத் தோன்றுவது இதனாலேயே. நிற்பதைக் காட்டிச் செல்வதை மறைப்பது அக்கருவியின் குணம்.

மற்றொரு காரணம் கருவியின் குணமன்று, மனிதரின் குணம். அப்படங்களை வாங்கியோர் தோட்டத் துரைமாரும் கப்பற் பயணிகளுமே. அவர்கள் விரும்பியது அழகிய காட்சி. தொழிலாளர் நின்று படத்திற் பதிந்த பொழுதும் அவர்களுடைய பெயர் எழுதப்படவில்லை. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலப் படக்கலைஞர் 1875-இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். களுத்துறைப் பகுதியில் அவர் ஊர்மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் நிறுத்திச் சில படங்கள் பிடித்தார். இங்கிலாந்தில் அவர் படம் பிடித்த கவிஞர், அறிஞர் ஆகியோரின் பெயர்களை உலகம் அறியும். இலங்கையில் அவர் முன் நின்றவர்களின் முகம் உண்டு; பெயர் பெரும்பாலும் இல்லை. அவர் 1879-இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரும் அவர் கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அக்கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக் என்பவரோடு சேர்ந்து இலங்கை நிருவாகத்தை ஆராய்ந்து அறிக்கை அளித்த ஆணையாளர். இராசகாரிய ஒழிப்பும் அவ்வாராய்ச்சியோடு தொடர்புடையதே. கூலியாள் தேவை பிறந்த வரலாறும், கூலியாளின் முகம் பதிந்த வரலாறும் பொகவந்தலாவையின் ஒரே கல்லறையில் அருகருகே உறங்குகின்றன.

படம் பிடிக்கப்பட்ட காலத்திலேயே அப்பாலங்களின் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. 1867-இற் கண்டி வரை புகையிரதம் வந்தது. மாட்டு வண்டியின் ஆட்சி குன்றியது. 1869-இற் காணப்பட்ட இலைநோய் சிறிது காலத்திற் கோப்பியை அழித்தது. அதே 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் நட்ட தேயிலை மலைநாடெங்கும் பரவியது. புகையிரதப் பாதை நாவலப்பிட்டி, அட்டன் வழியாக ஏறி, 1885-இல் நானுஓயாவை அடைந்தது. களனிப் படகுப் பாலம் நீக்கப்பட்டு அதன் தொழிலை 1895-இல் இரும்பாலான விக்டோரியாப் பாலம் ஏற்றது. பேராதனை முதிரைப் பாலம் 1905-இற் பிரித்தெடுக்கப்பட்டு இரும்புப் பாலத்திற்கு இடம் விட்டது. இன்று களனியின் மேல், வடங்களால் தாங்கப்படும் புதிய பாலம் 2021 முதல் நிற்கின்றது. ஒவ்வொரு பாலமும் தனக்கு முந்தியதை மறக்கச் செய்கின்றது.

நானுஓயாவிலும் அத்தகைய மறைவு ஒன்று உண்டு. 1903-04 ஆண்டுகளில் அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய புகையிரதப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. அந்தச் சிறிய வண்டி வளைந்து வளைந்து மலையேறித் தேயிலைப் பெட்டிகளை இறக்கி வந்தது. 1948-இல் அது மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன.

1948 என்னும் அவ்வாண்டு மலைநாட்டுத் தமிழர்க்கு வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாதது. அவ்வாண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு வழி திறப்பதுபோல் தோன்றியது. ஆனால் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவ வேண்டும் என்று அது விதித்தது. 8 இலட்சத்திற்கு மேற்பட்டோரின் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

துறைமுகத்தில் வந்திறங்கியபோது இம்மக்கள் ஆண், பெண், குழந்தை என்று எண்ணப்பட்டனர், பெயரால் அறியப்படவில்லை. பாலத்தின்மேற் சென்றபோது படக்கருவி அவர்களைப் பதிக்கவில்லை. அவர்கள் வழியில் இறந்தபோது கல் நாட்டப்படவில்லை. பின்னர் ஒரு நாள், நீங்கள் இங்கே இருந்தமைக்கு எழுத்துச் சான்று எங்கே என்று அரசு கேட்டது. எழுதும் அதிகாரம் உடையவர் எழுதாது விட்டதற்கு, எழுத்தறியா வண்ணம் வைக்கப்பட்டவர் பொறுப்பாளியாக்கப்பட்டார்.

1964-இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் முடிவாயிற்று. அதன்பின் நானுஓயா, அட்டன், தலவாக்கலை ஆகிய நிலையங்களின் மேடைகளில், தகரப் பெட்டியும் பாத்திர மூட்டையும் சுற்றி வைத்துக் குடும்பங்கள் தலைமன்னார் வண்டிக்குக் காத்திருந்தன. முன்னோர் நடந்து ஏறிய வழியைப் பேரப்பிள்ளைகள் வண்டியில் இறங்கிக் கடந்தனர். அழுகையோடு வழியனுப்பியவர்கள் தண்டவாளத்தின் வளைவு வரை பார்த்து நின்றனர். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை பின்வந்த சட்டங்களாற் படிப்படியாகக் குறைந்து, 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. முதிரைப் பாலம் திறந்த ஆண்டிலிருந்து எண்ணினால், அது 170 ஆண்டுகளின் வழக்கு.

இதனால் பழைய படம் பொய் கூறுகின்றது என்பது கருத்தன்று. அது கூறுவது உண்மையே. ஆனால் முழு உண்மையன்று. பாலம் என்பது அழகுக்காக எழுப்பப்படுவதில்லை, கடப்போருக்காக எழுப்பப்படுவது. 205 அடி அகலமான ஒரு வளைவைக் காணும்பொழுது, அத்துணைப் பெரிய பாலம் யாருக்காக வேண்டப்பட்டது, அதன்மேல் எவை சென்றன, எவர் சென்றனர் என்று கேட்டல் வேண்டும். அக்கேள்வியைக் கேட்போர்க்கு அந்த வெறும் பாலம் வெறும் பாலமாகத் தோன்றாது. தலையிற் சட்டியும் இடுப்பிற் குழந்தையும் தாங்கிய மக்கள் வரிசை அதன்மேல் அசைவது தெரியும்.

தோட்டத்து லயங்களில் இன்றும் சில வீடுகளிற் கண்ணாடியிட்ட பழைய படங்கள் சுவரிற் தொங்குகின்றன. கலியாணப் படம், காமன் கூத்து வேடமிட்ட படம், ஊருக்குப் புறப்படுமுன் அனைவரும் கூடி நின்று பிடித்த படம் என அவை பலவகைப்படும். அவற்றில் நிற்போரின் பெயரை அறிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர். அப்பெயர்களைக் கேட்டு, படத்தின் பின்புறத்தில் எழுதி வைப்பதற்குப் பெரிய கல்வி வேண்டுவதில்லை. ஒரு பென்சில் போதும். முதிரைப் பாலத்தைக் கடந்தவர்களுக்கு அவ்வாறு எழுதி வைப்பார் இல்லாது போயினர். அவர்களுடைய பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு அக்குறை நேராதிருத்தல் வேண்டும்.

நானுஓயாவின் நீர் இன்று தலவாக்கலையிலும் கொத்மலையிலும் அணைகளால் தடுக்கப்பட்டு, மின்சாரம் தந்து, பின்னர் மகாவலியிற் சேர்கின்றது. முதிரை வளைவின் நிழல் விழுந்த இடத்தை அது இன்றும் கடந்து செல்கின்றது. நிழல் இல்லை, துறை இருக்கின்றது.